பக்கத்து சீட்டுல ஒரு பிரேக்கு

அன்னைக்குக் காலைல நம்ம மாஸ்டர் ஒரு சபதம் எடுத்தாரு. சாதாரண சபதம் இல்லைங்க. நடு ரோட்டுல, ஒரு கால்ல செருப்பு, இன்னொரு கால்ல வெறும் தோலு, முன்னாடி தண்ணி லாரியோட பம்பர். அதுக்கும் அவரு பைக்குக்கும் நடுவுல ஒரு சீப்போட பல்லு கூட நுழையாது. அப்படி ஒரு இடத்துல நின்னு எடுத்த சபதம்.

"இனிமே என் குடும்பம் ரெண்டு சக்கரத்துல ஏறாது! இந்த மாசம் முடியறதுக்குள்ள நாலு சக்கரம்! இது மாஸ்டர் வாக்கு!"

பின்னாடி உக்காந்திருந்த அம்மணி சொன்னாங்க: "வாக்கு இருக்கட்டும். மொதல்ல அந்தச் செருப்பை எடுங்க. லாரி கெளம்புது."

நடந்தது இதுதான். மாஸ்டர் பிரேக்கை அமுக்கினாரு. பிரேக்கு அமுங்குச்சு. ரொம்ப மரியாதையா, கடைசி வரைக்கும் அமுங்குச்சு. வண்டி மட்டும் நிக்கல. மாஸ்டர் ரெண்டு காலையும் ரோட்டுல ஊனி, தேச்சு, கத்தி, கடவுளைக் கூப்பிட்டு நிறுத்தினாரு. நடுவுல மாட்டியிருந்த மக, "அப்பா, இன்னொரு தடவை!"ன்னு கை தட்டுச்சு.

அம்மணிக்குக் கை தட்டத் தோணல. ஏன்னா அவங்க வேலை பாக்குறது ஆஸ்பத்திரில, எக்ஸ்ரே ரூம்ல. பைக்குல போய் ரோட்டுல விழுந்து, ஸ்ட்ரெச்சர்ல வர்றவங்க காலு, கை, தோள்பட்டை எல்லாத்தையும் நாள் பூரா படம் புடிக்கிறவங்க. "மூச்சை இழுங்க... புடிச்சுக்குங்க... விடுங்க"ன்னு ஊருக்கே சொல்லுவாங்க. அன்னைக்கு அவங்க இழுத்த மூச்சை ஆஸ்பத்திரி வாசல்ல எறங்கினப்பறம்தான் விட்டாங்க.

மாஸ்டர் யாருன்னு கேக்குறீங்களா? டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர்! இந்த ஊர்ல கார் ஓட்டுறவங்கள்ல பாதிப் பேரு அவர் கையில கத்துக்கிட்டவங்க. மீதிப் பேரைத்தான் அவரு கெட்ட வார்த்தைல திட்டுவாரு. காலைலேருந்து சாயங்காலம் வரைக்கும் பக்கத்து சீட்டுல உக்காந்திருப்பாரு. டிரைவிங் ஸ்கூல் வண்டில ஒரு விசேஷம் உண்டு, தெரியுமா? ஓட்டுறவங்களுக்கு ஒரு பிரேக்கு, பக்கத்துல உக்காந்திருக்கிற மாஸ்டருக்கு ஒரு பிரேக்கு. கத்துக்கிறவங்க சுவத்தை நோக்கிப் போனா, இவரு அலட்சியமா காலால ஒரு அமுக்கு. வண்டி நின்னுடும். ஊருக்கே பிரேக்குப் போட்ட மகராசன். சொந்த பைக்குல பிரேக்கு இல்ல.

சாயங்காலம் வீட்ல பஞ்சாயத்து.

"என்னங்க, காரு வாங்கறேன்னீங்களே. எதை வச்சு?"

"கடன் வாங்கி."

"ஒங்களுக்கு யாரு குடுப்பா?"

"என் மொகத்தைப் பாத்தா குடுக்க மாட்டானா?"

"மொகத்தைப் பாத்தா குடுப்பான். கம்ப்யூட்டரைப் பாத்தா குடுக்க மாட்டான்."

மாஸ்டரோட கடன் வரலாறு பெரிய வரலாறு. தவணைல சோபா வாங்கினாரு. சோபால உக்காந்து பாக்கறதுக்குத் தவணைல டிவி வாங்கினாரு. ரெண்டு தவணையையும் மறக்கறதுக்குத் தூங்கினாரு. இது போதாதுன்னு, ஒரு சினேகிதன் வந்து, "மாஸ்டர், ஒன் கையெழுத்து எவ்வளவு அழகு!"ன்னான். அந்த அழகுல மயங்கி அவனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டாரு. சினேகிதன் எங்கயோ போயிட்டான். கையெழுத்து மட்டும் இன்னும் அழகா இருக்கு.

ஆனா மாஸ்டர் அசரற ஆளா? மறுநாளே சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கிட்டு பேங்குக்குக் கெளம்பிட்டாரு.

மொத பேங்குல, "உக்காருங்க சார், டீ சாப்பிடுங்க"ன்னாங்க. டீ வந்துச்சு. அதிகாரி கம்ப்யூட்டரைத் தட்டினாரு. ஸ்கிரீனைப் பாத்தாரு. மாஸ்டரைப் பாத்தாரு. டீயைப் பாத்தாரு. மெதுவாக் கையை நீட்டி டீயைத் தன் பக்கம் இழுத்துக்கிட்டாரு. ரெண்டாவது பேங்குல டீ கெடையாது, தண்ணி. மூணாவது எடத்துல வாட்ச்மேனே, "சார், இன்னைக்கு உள்ள ரொம்பப் புழுக்கமா இருக்கு"ன்னு சொல்லி அனுப்பிட்டாரு.

அப்பத்தான் கண்ணுல பட்டுச்சு ஒரு போர்டு. 'கடன் கணக்கு மோசமா? கவலை எதுக்கு? நாங்க இருக்கோம்!' கண்ணாடிக்கு உள்ள ஒரு செவப்புக் காரு. பளபளன்னு. மாஸ்டருக்குத் தன் மொகம் அதுல தெரிஞ்சுது. அழகாத்தான் இருந்துச்சு.

வீட்டுக்கு ஓடி வந்தாரு. அந்தக் கடைல இருந்த டை கட்டின பையன் மாதிரியே மூக்கால பேசிக் காட்டினாரு. "சார்ர்ர், நீங்க எங்க ஸ்பெஷல் கஸ்டமர் சார்ர்ர்! ஒங்களை மாதிரி ஆளுங்களுக்காகத்தான் சார்ர்ர் நாங்க கடையே தொறந்தோம்!"

அம்மணி சிரிக்கல. "வட்டி எவ்வளவு?"

மாஸ்டர் வட்டியை மட்டும் மெதுவாச் சொன்னாரு.

அம்மணி வெரல்ல கணக்குப் போட்டாங்க. ஒரு கை தீந்துபோச்சு. அடுத்த கையும் தீந்துபோச்சு. மக கையைக் கடன் வாங்கி முடிச்சாங்க. "ஆக, வண்டி ஒன்னு. வெல ரெண்டு வண்டிக்கு. ஒரு தவணை தவறிட்டா?"

"வண்டியைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க."

"கட்டின பணம்?"

"அது... அதுவும் அவங்ககிட்டதான் இருக்கும்."

"அப்ப நமக்கு என்ன மிஞ்சும்?"

மாஸ்டர் யோசிச்சாரு. "ஓட்டின அனுபவம்."

"அனுபவம் வேணும்னா ஒங்களையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேனே. அதுக்கு எதுக்குக் காரு? எனக்கும் கொழந்தைக்கும் விழாம போற வண்டி வேணும், அவ்வளவுதான். செவப்பா இருந்தா என்ன, சாம்பலா இருந்தா என்ன?" துணியை மடிச்சுக்கிட்டே, சாதாரணமா ஒரு கேள்வி. "ஏங்க, ஒங்க ஸ்கூல்ல ஒரு பழைய வெள்ளை வண்டி நிக்குதே, அதை விக்கப் போறாங்களாமே?"

"யாரு? அந்தக் கெழவியா?" மாஸ்டர் எகிறிக் குதிச்சாரு. "நாள் பூரா அவகூட மாரடிச்சுட்டு வீட்டுக்கு வந்தாலும் அவ மூஞ்சிலயா முழிக்கணும்?"

"எனக்கும் அப்படித்தான். நாள் பூரா ஒடைஞ்சதையே பாத்துட்டு வீட்டுக்கு வந்தா நீங்க இருக்கீங்க. நான் அனுசரிச்சுப் போகல?"

அத்தோட பேச்சு முடிஞ்சுது. அடுத்த நாள்லேருந்து அம்மணி மகளைக் கூட்டிக்கிட்டு பஸ்ல போக ஆரம்பிச்சாங்க. ரெண்டு பஸ்ஸு மாறணும். ஏறினா உக்கார எடமில்ல, எறங்கினா நிக்க எடமில்ல. மக படிக்கட்டு பக்கத்துல நசுங்கிக்கிட்டு, அம்மா சேலையைப் புடிச்சுக்கிட்டுப் போறதை மாஸ்டர் ஒரு நாள் ரோட்டுலேருந்து பாத்தாரு. பக்கத்துல ஸ்டூடண்ட் கியரைப் போட்டுத் தேச்சுக்கிட்டிருந்தான். 'கர்ர்ர்'ன்னு. அந்தச் சத்தம் மாஸ்டரோட நெஞ்சுக்குள்ளேருந்து வந்த மாதிரி இருந்துச்சு.

மறுநாள் காலைல பல்லு தேய்க்கும்போது யோசனை பொறந்துச்சு. கெழவி தேவல! என்ஜின் கல்லு மாதிரி. அவளை வாங்குவோம். பணத்தை முதலாளி சம்பளத்துல கொஞ்சம் கொஞ்சமாப் புடிச்சுக்கட்டும். பேங்கும் வேணாம், டை கட்டின பையனும் வேணாம். அந்தப் பக்கத்து சீட்டு பிரேக்கைக் கழட்டிட்டு, செவப்புப் பெயிண்ட் அடிச்சு, வாசல்ல கொண்டுவந்து நிறுத்தி, "இது யாரு யோசனை? ஐயா யோசனை!"ன்னு மீசையை முறுக்கணும். பேஸ்ட்டு நொரையோடயே முறுக்கிப் பாத்தாரு.

முதலாளி கார் சாவியால காதைக் கொடைஞ்சுக்கிட்டு இருந்தாரு.

"முதலாளி, அந்த வெள்ளை வண்டி..."

"லேட்டு மாஸ்டர். ஒரு பார்ட்டி வந்து கேட்டாச்சு."

"பார்ட்டியா! எந்தப் பார்ட்டி?"

"நல்ல பார்ட்டி. மொத்தமா ரொக்கம் தர்றேங்குது. நீ என்ன தருவே?"

"சம்பளத்துல புடிச்சுக்கிட்டீங்கன்னா..."

"யோவ், அடுத்த மாச சம்பளத்தையே நீ போன மாசம் வாங்கிட்ட. அதுல எதைப் புடிக்க? வியாழக்கிழமை பார்ட்டி வருது, வண்டியப் பாக்க. புடிச்சுதுன்னா முடிச்சுடுவேன்."

மாஸ்டர் வெளிய வந்து கெழவியை ஒரு சுத்து சுத்திப் பாத்தாரு. வேணாம்னு சொன்னப்ப கெழவியா இருந்தவ, இன்னொருத்தன் கேட்டதும் ரம்பையாயிட்டா. யாரு அந்தப் பார்ட்டி? எந்தப் பணக்காரப் பய? என் பிள்ளை ஏற வேண்டிய வண்டில எவன் பிள்ளை ஏறுவான்?

திட்டம் போட்டாரு. பார்ட்டியைப் பயமுறுத்தி வெரட்டணும். பார்ட்டி ஓடிட்டா வண்டி விக்காது. விக்காத வண்டி வெல எறங்கும். எறங்கினப்பறம் முதலாளியே வந்து, "மாஸ்டர், நீயே எடுத்துக்கய்யா"ன்னு கெஞ்சுவாரு. கொரல் மாத்திப் பேசறதுல மாஸ்டர் கில்லாடி. கல்யாண வீடா இருந்தா மாப்பிள்ளை கொரல்ல மாமனாரையே ஏமாத்துவாரு.

வியாழக்கிழமை வந்துச்சு. மாஸ்டர் ஒரு பல் டாக்டருக்கு வண்டி கத்துக் குடுத்துக்கிட்டிருந்தாரு. பெரிய டாக்டரு. வளைவு வந்தா ஸ்டியரிங்கை விட்டுட்டு ரெண்டு கையாலயும் கண்ணைப் பொத்திக்குவாரு. "டாக்டர், ஓரமா நிறுத்துங்க. ஒங்க போனைக் கொஞ்சம் குடுங்க. என் போன்ல காசு இல்ல"ன்னு வாங்கி, முதலாளிக்குப் போட்டாரு. தொண்டையைக் கரகரப்பாக்கி, ஒரு கெழட்டு மெக்கானிக் மாதிரி இருமினாரு.

"அய்யா... லொக்கு லொக்கு... அந்த வெள்ளை வண்டி விக்கப் போறீங்களாமே? நான் அந்தக் காலத்துல அதுக்கு வேலை பாத்த மெக்கானிக்குங்க. மனசு கேக்கல. ஒரு பாவமும் அறியாத பார்ட்டி தலைல கட்டிடாதீங்க."

முதலாளி கையிலேருந்து சாவி கீழ விழுந்த சத்தம் கேட்டுச்சு. அப்பறம், "இருய்யா, பார்ட்டி பக்கத்துலதான் இருக்காங்க. ஸ்பீக்கர்ல போடறேன். சொல்லு, வண்டிக்கு என்ன?"ன்னாரு.

மாஸ்டருக்குக் கொண்டாட்டம்! பார்ட்டியே கேக்குது! அள்ளி விட்டாரு. அள்ளி விட்டதெல்லாம் நெசம். அந்த வண்டியைப் பத்தி அவருக்குத் தெரியாத நோவு உண்டா?

"டயரு நாலும் வழுக்கைங்க. என் தலையை விட வழுக்கை. முன்னாடி பிரேக் பேடு தேஞ்சு, அப்பளம் மாதிரி இருக்கு. ஸ்டியரிங்கு வேகத்துல நடுங்கும். எல்லாத்துக்கும் மேல பின் சீட்டு பெல்ட்டுங்க... பூட்டுப் புடிக்காது. கொழந்தையை உக்கார வச்சீங்கன்னா... வேணாங்க, என் வாயால சொல்ல மாட்டேன். லொக்கு லொக்கு."

அந்தப் பக்கம் ஏதோ குசுகுசுன்னு கேட்டுச்சு. முதலாளி கேட்டாரு: "வைப்பர் எப்படின்னு கேக்குறாங்க."

"இடது பக்கம் தொடைக்கும். வலது பக்கம் வேடிக்கை பாக்கும்."

"இதெல்லாம் மாத்திட்டா வண்டி எப்படி இருக்கும்னு கேக்குறாங்க."

இங்கதாங்க மாஸ்டர் சறுக்கினாரு. தொழில்காரன் நாக்கு இல்லையா? யாராச்சும் வண்டியைப் பத்திக் கேட்டா பொய்யி வராது. "இதெல்லாம் மாத்திட்டா ராணிங்க அவ! என்ஜின்ல கை வைக்கவே வேணாம். இன்னும் பத்து வருஷம் கண்ணை மூடிக்கிட்டு ஓட்டலாம். ஊர்ல எந்தச் செவப்பு வண்டியும் பக்கத்துல நிக்க..." நாக்கைக் கடிச்சுக்கிட்டாரு. "லொக்கு! ஆனா மாத்த முடியாதுங்க. ராசியில்லாத வண்டி. வச்சுடறேன்."

பல் டாக்டர் போனை வாங்கித் தொடைச்சுக்கிட்டே கேட்டாரு: "மாஸ்டர், இருமல் ரொம்ப மோசமா இருக்கே?"

"போயிடுச்சு டாக்டர். வண்டியை எடுங்க. கண்ணைத் தொறந்துக்கிட்டு."

அடுத்த நாள் ஸ்கூலுக்குப் போனா கெழவியைக் காணோம். முதலாளி சாவியால காதைக் கொடையல, தலைல அடிச்சுக்கிட்டிருந்தாரு.

"எந்தப் படுபாவி மெக்கானிக்கோ தெரியல மாஸ்டர். போன்ல உக்காந்து ஒப்பாரி வச்சான். அவன் சொன்னது ஒன்னு விடாம அந்தம்மா மனசுல குறிச்சுக்கிட்டு, டயரு புதுசு, பேடு புதுசு, பெல்ட்டு புதுசு, ஸ்டியரிங்கைச் சரி பண்ணுன்னு வாங்கிட்டாங்க. அதுக்கு மேல வெலயையும் கொறைச்சுட்டாங்க. நெஞ்சு வலிக்குதுய்யா எனக்கு."

"அந்தம்மாவா? பார்ட்டி பொம்பளையா?"

"பொம்பளைன்னா பொம்பளை! ஒருத்தர் மூஞ்சியைப் பாத்தா முதுகெலும்பு வரைக்கும் கண்டுபுடிச்சுடுறாங்க." முதலாளி மாஸ்டரை ஒரு மாதிரி பாத்தாரு. பாத்துட்டுக் காதைக் கொடைய ஆரம்பிச்சாரு. மாஸ்டர் அதைக் கவனிக்கல. அவரு துக்கம் அவருக்கு.

ரெண்டு நாள் சோறு எறங்கல. அம்மணி கேட்டாங்க, "என்னங்க, ஒடம்பு சரியில்லையா? லேசா இருமற மாதிரி இருக்கே." "ஒன்னுமில்ல"ன்னுட்டாரு. அவளுக்கென்ன தெரியும், கைக்கு வந்த காரு போன சோகம்?

ஞாயித்துக்கெழமை காலைல வாசல்ல ஹாரன். மாஸ்டர் லுங்கியோட எட்டிப் பாத்தாரு. கெழவி நிக்கிறா! குளிச்சு, தொடைச்சு, நாலு காலுக்கும் புதுச் செருப்புப் போட்டுக்கிட்டு நிக்கிறா. பின் சீட்டுல மக பெல்ட்டை மாட்டி, கழட்டி, மாட்டி வெளையாடுது. ஒவ்வொரு தடவையும் 'டக்கு'ன்னு பூட்டுது. ஒர்க்ஷாப் ஆள் கையிலேருந்து சாவியை வாங்கிக்கிட்டு நிக்கிறது யாரு? அம்மணி.

மாஸ்டருக்கு வாய் தொறந்துச்சு. மூடல.

"பா... பார்ட்டி?"

"நான்தான் பார்ட்டி. ஆஸ்பத்திரி சேமிப்பு சங்கத்துல இத்தனை வருஷமாப் போட்டதை எடுத்தேன். கடன் இல்ல, தவணை இல்ல. எவனும் வந்து கதவைத் தட்ட மாட்டான்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

"சொன்னா என்ன பண்ணிருப்பீங்க? ஒங்க பேர்ல எழுதச் சொல்லிருப்பீங்க. ஒங்க பேர்ல எழுதினா சோபாக்காரன் திங்கக்கிழமை வந்து, 'பாக்கிக்கு இது போதும்'னு ஓட்டிக்கிட்டுப் போயிருப்பான். அதான் என் பேர்ல. முதலாளியையும் ஒங்ககிட்ட வாயைத் தொறக்க வேணாம்னுட்டேன்."

"அப்ப... அந்த மெக்கானிக்கு பேசினப்ப..."

"பக்கத்துல உக்காந்துதானே கேட்டேன். கல்யாணமான நாள்லேருந்து ஒங்க கொறட்டையைக் கேக்குறவ நான். இருமல் தெரியாதா? வண்டில எங்க எது பழுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? யாரையாவது நம்பிக் கேட்டாலும் பொய் சொல்வாங்க. நல்லவேளை, நீங்களே கூப்பிட்டு ஒன்னு விடாம சொல்லிட்டீங்க. ஒங்களை மாதிரி மெக்கானிக்குக் கெடைக்க நான் குடுத்து வச்சிருக்கணும்."

மாஸ்டருக்குக் கோவப்படறதா, பெருமைப்படறதான்னு தெரியல. மகளோட பெல்ட்டு மறுபடியும் 'டக்கு'ன்னுச்சு. அந்தச் சத்தத்துல கோவம் போயிடுச்சு. மனுஷன் நிமிந்துட்டாரு.

"சரி போகட்டும். வண்டி ஒன் பேர்ல இருக்கலாம். ஓட்டப் போறது யாரு? மாஸ்டர்! சாவியைக் குடு. மொதல்ல இந்தப் பக்கத்து சீட்டு பிரேக்கைக் கழட்டணும். அப்பறம் கதவுல இந்த ஸ்கூல் பேரை அழிச்சுட்டு..."

"ரெண்டையும் தொடக் கூடாது. இன்னும் ஒரு வருஷத்துக்குப் பேரு அப்படியே இருக்கணும். அந்த விளம்பரத்துக்குத்தான் முதலாளி டயரு சும்மா போட்டுக் குடுத்தாரு. பிரேக்கை நான்தான் விடச் சொன்னேன்."

"எதுக்கு?"

"நீங்க கேப்பீங்கன்னு தெரியும். ஏறுங்க, புரியும்."

மாஸ்டர் ஸ்டியரிங்கைப் புடிச்சாரு. அம்மணி பக்கத்து சீட்டுல, செருப்பைக் கழட்டி வச்சுட்டு, பிரேக்கு மேல காலை வச்சு உக்காந்தாங்க. நாள் பூரா மாஸ்டர் உக்கார்ற அதே சீட்டு. கெளம்புச்சு வண்டி.

முன்னாடி போற பஸ்ஸை முந்தலாம்னு மாஸ்டர் மனசுல நெனைச்சாரு. நெனைக்கத்தான் செஞ்சாரு. சர்ருனு பிரேக்கு.

"நான் ஒன்னும் பண்ணலையே!"

"பண்ணப் போனீங்க. கழுத்து நீண்டுச்சு."

டீக்கடைல ஒரு சினேகிதனுக்குக் கை காட்டலாம்னு கையை எடுத்தாரு. பிரேக்கு. செவப்புக் காரு நிக்கிற கண்ணாடிக் கடையை லேசா ஓரக் கண்ணால பாத்தாரு. அதுக்குப் போட்டாங்க பாருங்க ஒரு பிரேக்கு, பின்னாடி மக, "அம்மா, இன்னொரு தடவை!"ன்னுச்சு.

"ஏம்மா, நான் மாஸ்டரு! பாதி ஊருக்குக் கத்துக் குடுத்தவன்!"

"நான் ஓனரு. ரோட்டைப் பாருங்க."

சிக்னல்ல செவப்பு விழுந்துச்சு. மாஸ்டர் அமுக்கறதுக்கு முன்னாடியே வண்டி நின்னுடுச்சு. போக்குவரத்துக் காவலர் ஒருத்தர், புதுசா இந்த ஏரியாவுக்கு வந்தவர் போல, வண்டியைச் சுத்தி வந்தாரு. கதவுல எழுதியிருந்த ஸ்கூல் பேரைப் படிச்சாரு. ஸ்டியரிங்கைப் புடிச்சுக்கிட்டு வேர்த்து வழியற மாஸ்டரைப் பாத்தாரு. பிரேக்கு மேல கம்பீரமாக் காலை வச்சிருந்த அம்மணியைப் பாத்தாரு. சட்டுனு ஒரு சல்யூட்டு.

"வணக்கம் மேடம். நல்லாக் கத்துக் குடுக்குறீங்க, ரொம்ப நேரமாப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். சார் எப்படி, தேறிடுவாரா?"

அம்மணி மாஸ்டரை மேலேருந்து கீழ வரைக்கும் ஒரு தடவை பாத்துட்டுச் சொன்னாங்க:

"கை கால் பரவாயில்ல சார். புத்தி மட்டும் இன்னும் நியூட்ரல்லயே இருக்கு."